துணை முதல்வரின் டி-ஷர்ட்டும் வேலூர்க் கோட்டைத் தலைப்பாகையும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி பார்க்கச் சின்னதாத்தான் இருக்கும். அரசியல்வாதிகள் வேலைக்கு வரும்போது ஃபார்மல் டிரெஸ் போடணும்னு விதி வைக்கலாமா?

எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இதைக் கேட்டுப் பார்த்தேன். அஞ்சு பேர்ல மூணு பேர் "கண்டிப்பா வைக்கணும்"னாங்க. அதைச் சொன்ன மூணு பேருமே டி-ஷர்ட்ல இருந்தாங்க. (சிரிப்பு) நானும் ஹூடி போட்டுக்கிட்டு கோடு எழுதற ஆள்தான். நம்ம வேலைக்கும் சட்டைக்கும் சம்பந்தம் இல்லைன்னு நமக்குத் தெரியும். ஆனா மந்திரின்னு வந்தா நமக்கே வேற அளவுகோல் வந்துடுது. அது ஏன், அது நியாயமா, நியாயம்னா எந்த அளவுக்கு? இதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

வழக்கு என்ன?

2024 செப்டம்பர் கடைசியில உதயநிதி ஸ்டாலின் தமிழ்நாட்டின் துணை முதல்வர் ஆனார். வெள்ளை டி-ஷர்ட், அதில் சின்னதா உதயசூரியன். அரசு விழா, ஆய்வுக் கூட்டம் எதுவானாலும் பெரும்பாலும் அதே டிரெஸ்தான். அடுத்த சில வாரங்களில் ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். துணை முதல்வர் அரசு நிகழ்ச்சிகளுக்கு முறையான உடையில் வர உத்தரவிடணும், கட்சிச் சின்னம் உள்ள டி-ஷர்ட்டை அனுமதிக்கக் கூடாது என்பது கோரிக்கை.

அந்த மனு பிடிச்சுக்கிட்ட ஆதாரம் 2019-ல் வந்த ஒரு அரசாணை. அப்போதைய தலைமைச் செயலாளர் கிரிஜா வைத்தியநாதன் வெளியிட்டது. தலைமைச் செயலக ஊழியர்கள் எப்படி உடுத்தணும்னு அதில் இருக்கு. பெண்கள் புடவை, அல்லது துப்பட்டாவோடு சல்வார், சுடிதார். ஆண்கள் சட்டையோடு ஃபார்மல் பேன்ட், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. கேஷுவல் உடை வேண்டாம்.

2024 நவம்பரில் இந்த மனு தலைமை நீதிபதி கே.ஆர். ஸ்ரீராம் தலைமையிலான அமர்வு முன்னாடி வந்தது. நீதிபதிகள் அரசுத் தரப்பிடம் கேட்ட கேள்வி ரொம்ப முக்கியமானது: இந்த அரசாணை அரசியலமைப்புப் பதவியில் இருப்பவருக்குப் பொருந்துமா? டி-ஷர்ட் 'கேஷுவல்' என்ற வார்த்தைக்குள் வருமா?

நம்ம மொழியில சொன்னா, இது ஸ்கோப் கேள்வி. ஒரு ஃபங்ஷனை ஒரு கிளாஸுக்காக எழுதியிருக்கோம். அதை வேற கிளாஸ்ல இருந்து கூப்பிடலாமா?

மந்திரி யாருக்கு ஊழியர்?

இங்கே சட்டம் கொஞ்சம் சுவாரசியமானது. 1979-ல் 'மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. முதலமைச்சரும் அரசுப் பணத்தில் சம்பளம் வாங்குறவர்தான், அதனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பார்வையில் அவரும் 'பொது ஊழியர்'. லஞ்ச வழக்கிலிருந்து பதவியைக் காட்டித் தப்ப முடியாது.

அப்போ மந்திரியும் அரசு ஊழியர்தானே, 2019 அரசாணை அவருக்கும் பொருந்தும்தானே என்று தோணும். ரெண்டும் ஒண்ணு இல்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு உதவிப் பிரிவு அலுவலர் தேர்வு எழுதி வேலைக்கு வர்றார். அவருக்கு மேலதிகாரி உண்டு, நடத்தை விதி உண்டு, மெமோ உண்டு. மந்திரி அரசியலமைப்பின் 164-வது பிரிவின்படி ஆளுநர் முன் உறுதிமொழி எடுத்துப் பதவிக்கு வர்றார். அவர் பதில் சொல்ல வேண்டியது சட்டமன்றத்துக்கு. அவருக்கு ஹெச்.ஆர். யாருன்னு கேட்டா, ஓட்டுப் போட்ட நாமதான். அப்ரைசல் அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை.

ஒரு ஐ.டி. கம்பெனி 'திங்கள் முதல் வியாழன் வரை ஃபார்மல்'னு சொன்னா, சம்பளம் கொடுக்குறவங்க சொல்றாங்கன்னு ஏத்துக்கலாம். இன்னொரு கம்பெனியைத் தேடியும் போகலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருத்தருக்கு அதே விதியை யார் போடுறது? அதிகாரியா, நீதிமன்றமா, சபாநாயகரா? டிரெஸ் கோடு விவாதத்தில் நாம தாண்டிப் போற கேள்வி இதுதான். என்ன உடை என்று மணிக்கணக்கா பேசறோம். யார் சொல்றாங்க என்பதைக் கேட்கறதில்லை.

கேட்காம விட்டா என்ன ஆகும்? அதுக்கு எங்க ஊர்ப் பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு.

1806: தலைப்பாகையில் ஒரு தோல் துண்டு

என் சொந்த ஊர் விரிஞ்சிபுரம். வேலூர்ல இருந்து ஆம்பூர் போற வழியில, பாலாத்தங்கரையில இருக்கு. அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு பஸ்ல அரை மணி நேரம் ஆகும், டிராஃபிக் இல்லைன்னா. வேலூர் மக்கான் சந்திப்புல நிக்குற சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்திருப்பீங்க. 1857-க்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடி நடந்த அந்தப் புரட்சியைக் கிளப்பிவிட்டது ஒரு டிரெஸ் கோடு.

1805 நவம்பரில் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜான் கிராடாக் சிப்பாய்களுக்குப் புது உடை விதிகளைக் கொண்டு வந்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறு, நாமம் போன்ற குறி கூடாது. காதுல கடுக்கன் கூடாது. தாடி கூடாது, மீசையும் ஒரே அளவுல இருக்கணும். பழைய தலைப்பாகைக்குப் பதிலா தொப்பி மாதிரி ஒரு புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம்.

பேப்பர்ல பார்த்தா இது வெறும் 'ஸ்டாண்டர்டைசேஷன்'. எல்லாரும் ஒரே மாதிரி, நேர்த்தியா இருக்கணும், அவ்வளவுதான். ஆனா தோல் பட்ட தொப்பியைத் தலையில வைக்கிறது இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் தங்கள் நம்பிக்கையில் கை வைக்கிற மாதிரி பட்டது. மதம் மாத்தப் போறாங்களோன்னு பயம் வந்தது. 1806 மே மாதம் வேலூரில் சில சிப்பாய்கள் அதை அணிய மறுத்தாங்க. பதிலா கிடைச்சது ராணுவ விசாரணை, சவுக்கடி, பணிநீக்கம்.

ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள் புரட்சி வெடிச்சது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களும் அதிகாரிகளும் கொல்லப்பட்டாங்க. ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சில மணி நேரத்தில் கோட்டையைப் பிடிச்சார். இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தாங்க. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் குடும்பத்தைக் காவலில் வெச்சிருந்ததும் ஒரு காரணம்தான். உடை மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா புகைஞ்சுக்கிட்டு இருந்ததுல தீ வெச்சது அந்தத் தலைப்பாகை.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். கம்பெனி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. கிராடாக்கையும், மெட்ராஸ் கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைச்சது. மறுத்தவங்களைக் கேட்டிருந்தா மே மாசமே முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் அது.

ஒரு டி-ஷர்ட்டுக்குப் போய் இவ்வளவு பெரிய கதையான்னு கேட்கலாம். அளவு வேற, ஒத்துக்கறேன். ஆனா பாடம் ஒண்ணுதான். போடுறவங்களைக் கேட்காம மேலிருந்து இறங்குற உடை விதி, 'நேர்த்தி' என்ற பேரில் வந்தாலும், யாருக்கு யார் கட்டுப்பட்டவங்க என்பதைத்தான் சொல்லிட்டுப் போகும்.

'முறையான உடை' யாருடைய முறை?

தமிழ்நாட்டு வரலாற்றில் உடைன்னா அது ஃபேஷன் விஷயமா இருந்ததே இல்லை. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரிப் பக்கம், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினாங்க. தோள்சீலைப் போராட்டம். 1859 ஜூலையில்தான் மன்னரின் அறிவிப்பு வந்தது. தோளில் துண்டு போடுவதும் அப்படித்தான். மேல் சாதிக்காரர் எதிரே வந்தா துண்டை இடுப்பில் கட்டணும்னு இருந்த ஊர்களில் அதைத் தோளில் போட்டு நடப்பதே ஒரு அரசியல்.

1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. சட்டை, தொப்பி எல்லாத்தையும் விட்டுட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார் காந்தி. பத்து வருஷம் கழிச்சு லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்திக்கவும் அதே உடையில்தான் போனார். பக்கிங்ஹாம் அரண்மனையின் அளவுகோலில் அது ஃபார்மலா? இல்லவே இல்லை.

அந்த வேட்டியே 2014-ல் வாசலில் தடுக்கப்பட்டது. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமன் வேட்டியில் போனார். உள்ளே விடலை. டிரெஸ் கோடு! சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதிச்சு, அடுத்த மாசமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டு வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தா கிளப்பின் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

கவனிங்க. அந்த கிளப் பார்வையில் வேட்டி முறையில்லாத உடை. 2019 அரசாணையின் பார்வையில் அதே வேட்டி முறையான உடை. நடுவுல அஞ்சு வருஷம்தான். துணி மாறலை. பட்டியல் எழுதுற கை மாறிச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கலை. நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 2021 பிப்ரவரியில் மாவோரி உறுப்பினர் ராவிரி வைட்டிட்டி டை கட்டாம, மாவோரி கழுத்தணியோடு வந்தார். சபாநாயகர் வெளியே அனுப்பினார். சில நாள்ல டை கட்டாயம் என்ற விதியே போயிடுச்சு. அதே ஆண்டு மார்ச்சில் குஜராத் சட்டமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினர் விமல் சுடாசமா டி-ஷர்ட் போட்டதால் வெளியேற்றப்பட்டார். அமெரிக்க செனட்டில் 2023-ல் கதை உல்டா. ஜான் ஃபெட்டர்மேன் ஷார்ட்ஸும் ஹூடியுமா வருவார். உடை விதியைத் தளர்த்தினாங்க, எதிர்ப்பு கிளம்பிச்சு, ஒரே மாசத்துக்குள்ள கோட், டை, முழு பேன்ட் கட்டாயம்னு செனட் ஒருமனதா தீர்மானம் போட்டுச்சு. இங்கே ஒரு வித்தியாசம் இருக்கு: அந்த விதியை உறுப்பினர்களே கூடி எழுதினாங்க. அதனால எனக்கு அந்த விதி பிடிக்கலைன்னாலும், அதை எழுதின விதத்தைக் குறை சொல்ல முடியலை.

ஃபார்மலுக்கு ஆதரவான வாதம்

எதிர்த் தரப்பையும் நேர்மையா வைக்கணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கே என்பாங்க. ஹூடிக்கே பேர் போன மார்க் சக்கர்பெர்க் 2018-ல் அமெரிக்க காங்கிரஸ் முன் சாட்சி சொல்லும்போது கோட்டும் டையுமா வந்தார். இடத்தின் கனத்தை உடை ஒத்துக்குது. நமக்கும் அது புரியும். சாவு வீட்டுக்குப் பளபளன்னு உடுத்திக்கிட்டுப் போக மாட்டோம்.

நான் இதை ஏத்துக்கறேன். ஆனா அது நாகரிகம். நாகரிகத்தை எதிர்பார்க்கலாம், விமர்சிக்கலாம், ஓட்டுப் போடும்போது கணக்குல எடுத்துக்கலாம். விதியா எழுதினா அது முதல்ல யார் மேல விழும்?

பெண்கள் மேல. 2019 மே மாதம் மேற்கு வங்கத்தில் ஜெயிச்ச மிமி சக்ரவர்த்தி, நுஸ்ரத் ஜஹான் ரெண்டு பேரும் பேன்ட்டும் மேற்கத்திய உடையுமா நாடாளுமன்ற வளாகத்துல படம் எடுத்துப் போட்டாங்க. அன்னிக்கு சமூக வலைதளத்துல விழுந்த வசவை ஞாபகம் இருக்கா? அதே வளாகத்துல ஜீன்ஸ் போட்ட ஆண் உறுப்பினரை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ரெண்டாவது, கீழே இருக்கிறவங்க மேல. அரசியல்வாதின்னா நமக்குத் துணை முதல்வர்தான் ஞாபகம் வருது. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கு. எங்க பக்கம் தோல் ஷாப்புல, ஷூ கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே வார்டு உறுப்பினரா இருக்கிற ஒருத்தங்களை நினைச்சுப் பாருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு, சாயம் ஒட்டின கையோடு, அப்படியே ஊராட்சிக் கூட்டத்துக்கு வரணும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல்ல தைச்ச ஃபார்மல் ஷூ ஐரோப்பாவுக்குப் போகுது. அதைத் தைக்கிறவங்க காலில் ரப்பர் செருப்பு. 'முறையான உடை இல்லை'ன்னு அவங்களை வாசலில் நிறுத்த ஒரு காகிதம் கிடைச்சா, பயன்படுத்த ஆள் இருக்காங்க. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-ல் ஒரு தலித் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வெச்ச நாடு இது. நாற்காலி தராதவங்க கையில டிரெஸ் கோடு வேற தரணுமா?

இன்னொரு வாதமும் வரும்: எளிமையா உடுத்தினா நேர்மையானவர், ஆடம்பரமா உடுத்தினா இல்லை. இதுவும் கணக்குல வராது. பிரதமர் மோடி 2015 ஜனவரியில் போட்ட, கோடுகளில் தன் பேரே நெய்யப்பட்ட கோட் சூட் அடுத்த மாசம் 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போச்சு. ராகுல் காந்தி 2022 நடைப்பயணத்துல போட்ட டி-ஷர்ட் 41,000 ரூபாய்க்கு மேலன்னு பா.ஜ.க. படம் போட்டுக் காட்டினாங்க. டி-ஷர்ட் எளிமைக்கும் சாட்சி இல்லை, கோட் கண்ணியத்துக்கும் சாட்சி இல்லை.

உண்மையான பிரச்சினை துணியில் இல்லை, சின்னத்தில்

இப்போ அந்த மனுவுக்குத் திரும்புவோம். அதில் ரெண்டு குற்றச்சாட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, டி-ஷர்ட் ஃபார்மல் இல்லை. இன்னொண்ணு, அதில் கட்சிச் சின்னம் இருக்கு. நியூஸ் சேனல் விவாதம் முழுக்க முதல் பாதியிலேயே ஓடிச்சு. எனக்குக் கனமா படறது ரெண்டாவது.

மந்திரி உறுதிமொழி எடுக்கும்போது, விருப்பு வெறுப்பு இல்லாம எல்லா மக்களுக்கும் நியாயமா நடந்துக்குவேன்னு சொல்றார். இப்போ ஒரு மனுதாரர் பட்டா கேட்டு வர்றார். அவர் வேற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். எதிர்ல உட்கார்ந்திருக்கவர் நெஞ்சுல ஒரு கட்சியின் சின்னம். மந்திரி நியாயமாவே நடந்துக்கலாம். ஆனா அந்த மனுதாரருக்கு உள்ளுக்குள்ள ஒரு தயக்கம் வருமா, வராதா? அரசு எல்லாருக்கும் பொது என்பதை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர் கண்ணால பார்க்கணும் இல்லையா?

இது நமக்குப் புதுசும் இல்லை. ஓட்டுப்பதிவு நாள்ல வாக்குச்சாவடியைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள ஓட்டு கேட்கவோ, தேர்தல் சம்பந்தமான அடையாளத்தைக் காட்டவோ கூடாது. நீங்க டி-ஷர்ட்டா, வேட்டியான்னு அந்த விதி கேட்காது. தெளிவான காரணம், தெளிவான எல்லை, எல்லாருக்கும் ஒண்ணு. நல்ல ஸ்பெக் அப்படித்தான் இருக்கணும்.

ஆனா நேர்மையா அமல்படுத்தினா யார் யார் மாட்டுவாங்க? உதயசூரியன் டி-ஷர்ட் மட்டும் இல்லை. கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. கறுப்பு வெள்ளை சிவப்புக் கரை வேட்டி. மூவண்ணக் கரை. சட்டைப் பையில் வெளியே தெரியற மாதிரி வெச்ச தலைவர் படம். நம்ம ஊர்ல கரை வேட்டிதான் பல பத்தாண்டுகளா அரசியலின் யூனிஃபார்ம். அதைக் கட்டிக்கிட்டு எத்தனை மந்திரிகள் கோப்புல கையெழுத்துப் போட்டிருக்காங்க! அப்போ வராத மனு டி-ஷர்ட்டுக்கு மட்டும் வந்தா, அது சின்னத்தைப் பற்றிய கவலையா, ஆளைப் பற்றிய கவலையா? டெல்லியிலும் இதே சிக்கல்தான். 2023-ல் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போகும்போது ஊழியர் சீருடையில் தாமரை அச்சுன்னு சர்ச்சை வந்தது. தேசிய மலரா, கட்சிச் சின்னமா? போடுற ஊழியருக்கு வேண்டாம்னு சொல்ற உரிமையே கிடையாது.

இங்கே ஒரு எட்ஜ் கேஸ் இருக்கு: அவைக்குள்ள எதிர்ப்பு உடை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்காக அ.தி.மு.க. உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குக் கறுப்புச் சட்டையில் வந்தாங்க. 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறைக்கு எதிரா தி.மு.க. எம்.பி.க்கள் வாசகம் எழுதின டி-ஷர்ட்டோடு மக்களவைக்குப் போனாங்க. சபாநாயகர் ஓம் பிர்லா விதி 349-ஐச் சொல்லி, மாத்திட்டு வரச் சொன்னார். என் பார்வையில் இது மந்திரி அலுவலகத்தில் இருந்து வேறுபட்டது. மந்திரியின் மேசை எல்லாருக்கும் பொது. சட்டமன்றம் கட்சிகள் மோதிக்கிறதுக்காகவே கட்டின இடம். சிறுபான்மையா உட்கார்ந்திருக்கவங்களுக்கு மைக் கிடைக்காத நாள்ல சட்டைதான் மைக். அதைப் பிடுங்கக் கூடாது.

சரி, என் ஸ்பெக் என்ன?

மூணே வரி.

ஒண்ணு: வேட்டி, லுங்கி, புடவை, ஜீன்ஸ், டி-ஷர்ட் எதுவா இருந்தாலும், உடையின் வகையை விதி தொடக் கூடாது. பொது இடத்துக்கு ஏற்ற மாதிரி இருந்தா போதும்.

ரெண்டு: அரசு அலுவலகத்திலும் அரசு விழாவிலும், அமைச்சர் பொறுப்பில் இருக்கும்போது கட்சிச் சின்னமும் கட்சிக் கரையும் வேண்டாம். எல்லாக் கட்சிக்கும், எல்லாத் துணிக்கும். கரை வேட்டிக்கு விலக்குன்னா, டி-ஷர்ட்டுக்கும் விலக்கு. அவை உறுப்பினர்களின் எதிர்ப்பு உடை இதில் வராது.

மூணு: இதைத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்களே சட்டமன்றத்தில் விவாதிச்சு எழுதணும். ஒரு ஆளை மனசுல வெச்சு இன்னொரு கூட்டத்துக்கு எழுதின அரசாணையை இழுக்கக் கூடாது.

இது உடனே நடக்குமான்னா, நடக்காது. கரை வேட்டியை விட எந்தக் கட்சியும் தயாரா இல்லை. அந்தக் காரணத்தாலேயே டி-ஷர்ட் சண்டை வசதியா இருக்குன்னு நினைக்கறேன். ஒருத்தர் சட்டையைப் பற்றிப் பேசிக்கிட்டே எல்லாரும் தங்கள் வேட்டியைக் காப்பாத்திக்கலாம்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க தொகுதி எம்.எல்.ஏ. அல்லது வார்டு கவுன்சிலர் அரசு நிகழ்ச்சிகளில் இருக்கிற படங்கள் அஞ்சை எடுத்துப் பாருங்க. எத்தனை படத்துல கட்சி அடையாளம் இருக்குன்னு எண்ணி வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. அடுத்த எபிசோடு ஆரம்பத்துல அதைக் கேட்போம். இந்த ரெண்டாவது வரி நியாயமில்லை, கரை வேட்டி எங்க பண்பாடுன்னு நினைக்கிறவங்களும் அனுப்புங்க, உங்க வாதத்தை வெட்டாம போடறேன்.